அரிக்கன் சட்டியில் பால்வீதி

புல்மோட்டை மணல் தொழிற்சாலையில் மாகிரட்டுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும், பற்றிக் என்ற பெயருள்ள அவளுடைய அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார்.

"என்ர மகளுக்கு மண் எண்ணுற வேலை."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். பற்றிக் சிரிக்க மாட்டார், ஏனென்றால் அது சுத்தமான உண்மை. கடல் அள்ளிக் கரையில் போடும் மணலில் கறுத்த இல்மனைற் தாது எவ்வளவு, ஒன்றுக்கும் உதவாத வெள்ளை மணல் எவ்வளவு என்று தெரியவேண்டும். அதற்கு ஒரு சிட்டிகை மணலைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் தெரிகிற கறுப்பையும் வெள்ளையையும் எண்ணுவார்கள். பிறகு தகட்டைச் சற்று நகர்த்தி அடுத்த வட்டம், அதன் பிறகு இன்னொன்று. கடற்கரை முழுவதையும் எண்ண யாருக்கும் ஏலாது. ஆனால் அங்கொன்று இங்கொன்றாகச் சில வட்டங்களை நேர்மையாக எண்ணினால் போதும், முழுக் கடற்கரையும் பிடிபட்டுவிடும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் திருப்பி எண்ணிய பிறகுதான் எழுத வேண்டும் என்பது அந்த லாப்பின் சட்டம்.

மாகிரட் அறுபத்து நாலாம் ஆண்டு அந்த வேலைக்குப் போனாள். கிழமை நாட்களில் புல்மோட்டை விடுதியில் இருப்பாள். சனிக்கிழமை பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு, அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்துவிடுவாள். தாய் இல்லாத வீடு, அப்பா மட்டும்தான். கல்யாணப் பேச்சு வந்தது, போனது, மறுபடி வந்தது. அதைப் பற்றி ஊர் கதைத்ததே போதும், நாமும் கதைக்க வேண்டியதில்லை. அவளுக்கு வேலை பிடித்திருந்தது, சம்பளம் பிடித்திருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதும் பிடித்திருந்தது.

பற்றிக் கடற்படைத் தளத்தில் கயிறும் கப்பியுமாகக் காலம் கழித்தவர். பெரிய கப்பலைத் துறையோடு சேர்த்துக் கட்டுவதென்றால் அவருடைய கை வேண்டும். வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது, கழித்து ஏலத்தில் விட்ட சாமான்களுக்குள் ஒரு பைனாக்குலரை வாங்கி வைத்துக்கொண்டார். கழுத்தில் மாட்டினால் கழுத்து முறிகிற பாரம். அதற்குப் பிறகும் சில வருடம் வேலை செய்து ஓய்வு பெற்று வீட்டோடு வந்து இருந்தார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தன் வீட்டில் திருத்த இருந்ததையெல்லாம் திருத்தி முடித்தபின், பக்கத்து வளவுப் பூரணியின் வீட்டுக்குப் போய்விட்டார். கிணற்றுக் கயிற்றைப் புதிதாகப் பின்னினார். கொடிக் கயிற்றைக் கப்பி போட்டு இழுத்துக் கட்டினார், பூரணி ஈரச் சேலை போட்டதும் அது வேலிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஊரிலேயே பேர் பெற்ற அவளுடைய உழுந்து வடைக்கு ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று சொன்ன அன்றைக்குப் பூரணியின் பொறுமை முடிந்தது.

"மாகிரட், கொப்பருக்கு ஒரு வேலை பாத்துக் குடு. இல்லாட்டி நான் வளவை வித்துப்போட்டு என்ர ஊர் கிளிவெட்டிக்கே போயிடுவன்," என்றாள் அவள்.

மாகிரட் கொடுத்த வேலைதான் நட்சத்திரம் எண்ணுவது.

வாசிகசாலையில் பழைய விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றில் அவள் பால்வீதியைப் பற்றிப் படித்திருந்தாள். நாம் இருப்பது நட்சத்திரங்களின் பெரிய கூட்டம் ஒன்றுக்குள். உள்ளே இருந்து பார்ப்பதால் அது வானத்தைச் சுற்றிக் கட்டிய வெள்ளைப் பட்டி போலத் தெரிகிறது. நாம் கூட்டத்தின் நடுவில் நின்றால் எந்தப் பக்கம் எண்ணினாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் கூடவும் மறு பக்கம் குறையவும் இருக்க வேண்டும். அதைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் நாள் முழுக்கச் செய்கிற வேலை அதுவே. பைனாக்குலரில் தெரிவதும் ஒரு வட்டம்தான்.

பற்றிக் வளவின் நடுவில் தூண் நட்டார். கப்பியும் கயிறும் போட்டுப் பைனாக்குலரை அதில் தூக்கிக் கட்டினார். மேலே கீழே, இடம் வலம், எங்கே விட்டாலும் அசையாமல் நிற்கும். கதிரையில் சாய்ந்துகொண்டு ஒரு வட்டத்துக்குள் உள்ள நட்சத்திரங்களை வாய்விட்டு எண்ணுவார். முடிந்ததும் "எழுது, மாகிரட்" என்பார். அவள் உடனே எழுத மாட்டாள். தானும் வந்து எண்ணுவாள், கணக்கு ஒத்துவந்தால்தான் எழுதுவாள். லாப்பின் சட்டம் அன்புவழிபுரத்துக்கும் வந்துவிட்டது.

அது சந்தோசமான காலம். ஆடி ஆவணியில் பகலெல்லாம் கச்சான் காற்று அனலாக அடித்து ஓய, இரவுச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் துறைமுகப் பக்கத்து வானத்தில் தேள், தனு ராசிகள் ஏறி நிற்கும். பற்றிக் நட்சத்திரங்களை ஆட்கள் என்றுதான் சொல்லுவார். "இஞ்ச ஆக்கள் நெருக்கம்," "இதில ஆக்கள் குறைவு," "இவர் போன கிழமை இல்லையே, எங்கயிருந்து வந்தவர்?" என்று தேர்த் திருவிழாவில் நிற்கிறவர் போலப் பேசிக்கொண்டிருப்பார். பூரணியும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இண்டைக்கு எத்தினை பேர் அண்ணை?" என்று கேட்பாள். அவளுடைய கொடிக் கயிறு நிம்மதியாக இருந்தது.

மாரி மழை முடிந்து வானம் வெளித்ததும் மற்றப் பக்கத்தை எண்ணினார்கள். அங்கே ஆட்கள் குறைவு. இரண்டு வருட எண்ணிக்கை சேர்ந்தபோது விசயம் தெளிவானது. தேளின் கொடுக்கும் தனுவின் வில்லும் உள்ள பக்கம் போகப்போகக் கூட்டம் கூடிக்கொண்டே போனது. நடு அந்தப் பக்கம்தான். நாம் இருப்பது ஒதுக்குப்புறம்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கூட்டம் ஏறிக்கொண்டே போய், உச்சத்துக்கு வரவேண்டிய இடத்தில் திடீரென்று விழுந்துவிட்டது. பால்வீதியை நீளவாக்கில் வகிர்ந்துகொண்டு ஒரு கறுப்பு ஓடுகிறது. அதற்குள் எண்ணினால் ஆட்களே இல்லை.

"ஓட்டை," என்றார் பற்றிக். "பூரணியின்ர வடை மாதிரி. சுத்திவர ஆக்கள், நடுவில ஒண்டுமில்லை."

"ஓட்டை இல்லையப்பா. கறுப்பு மூடியிருக்கு," என்றாள் மாகிரட். "மாரிக் கடல் எங்கட கரையில கறுத்த மணலைக் கொண்டந்து போடும். பாத்தால் கரை முழுக்கக் கறுப்பு. காலால கிண்டினால் கீழ வெள்ளை. இதுவும் அப்பிடித்தான். தூசு முன்னால நிக்குது, ஆக்கள் பின்னால நிக்கினம்."

"நீ காலால கிண்டிப் பாத்தனியோ?"

"இல்லை."

"அப்ப வடைதான்."

வடைக் கட்சியும் மணல் கட்சியும் ஒரு வருடம் சண்டை பிடித்தன. பூரணி சொந்தப் பெருமைக்காக வடைக் கட்சியில் சேர்ந்தாள். அடுத்த ஆவணியில் மாகிரட்டுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. கறுப்புக்குள் ஓர் இடத்தில் சின்னக் கிழிசல் இருந்தது. அதற்குள் எண்ணி மாளாத கூட்டம். கிழிசலின் ஓரம் படிப்படியாக மங்கவில்லை, வெட்டினது போலச் சடாரென்று கறுத்தது; ஆட்கள் குறைந்துபோன ஓரம் அல்ல, ஏதோ முன்னால் மறைத்த ஓரம். அவள் துள்ளிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை," என்றார்.

தோற்பதற்கு மனமில்லாமல் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். அந்த வருடம் அவர் எண்ணியது எதுவும் அவளுடைய எண்ணிக்கையோடு ஒத்துவராததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, கவனமில்லாமல் எண்ணுகிறார் என்று ஏசியும் இருந்தாள். ஒருநாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசைக்கு வெளியே வைத்துவிட்டார். கோப்பை உடைந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

கொழும்புக்குக் கூட்டிப்போய்க் கண் டொக்டரிடம் காட்டினாள். கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை போனதுதான் என்றார் அவர். அடுத்த ஆடி வருவதற்குள் எஞ்சியதும் போய்விட்டது. பற்றிக் தூணிலிருந்து பைனாக்குலரைத் தானே தடவிக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்.

"அந்தக் கிழிசலுக்குள்ள ஆக்கள் இருக்கினமப்பா. நான் எண்ணினனான்," என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நீ எண்ணினாய், நான் திருப்பி எண்ணேல்லையே," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "விடு பிள்ளை. ஓட்டை இப்ப என்ர கண்ணுக்கையே வந்திட்டுது. எல்லா இடமும் ஒண்டுமில்லைதான்."

அதற்குப் பிறகு அவர் வானத்தைப் பற்றிப் பேசவில்லை, "எழுது, மாகிரட்" என்று சொல்லவும் இல்லை. பூரணியின் வளவுக்குக்கூடப் போகவில்லை. பூரணிக்கே அது பொறுக்கவில்லை. மாகிரட்டுக்கு வாதத்தில் வெல்வது இப்போது பெரிதாகத் தெரியவில்லை. இருட்டாக இருக்கிற இடத்தில் ஒன்றுமில்லை என்று அப்பா நம்பத் தொடங்கிவிட்டார், அந்த நம்பிக்கையோடு அவரை விட அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் எண்ணாத ஒன்றை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அப்படியென்றால் அவர் திருப்பி எண்ணுவதற்கு ஒரு வழி வேண்டும். கண் இல்லை, விரல் இருந்தது.

புல்மோட்டையில் அவள் ஒரு நீளத் தட்டம் செய்வித்தாள். தொழிற்சாலை கழிவென்று கொட்டும் வெள்ளை மணலை அதில் குவித்தாள். எண்ணிக்கை கூடிய இடத்தில் மேடு, குறைந்த இடத்தில் பள்ளம். இரண்டு அந்தத்திலும் தாழ்ந்து, நடுவை நோக்கி ஏறி வரும் ஒரு நீண்ட மலை. வானத்தில் கறுப்பு ஓடுகிற இடத்தில் இரண்டு பக்கத்து ஏற்றத்தையும் வெள்ளையாலேயே சேர்த்து, அதன் மேல் இல்மனைற்றைப் போர்த்தாள், கிழிசல் இருக்கிற இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டாள். கண்ணை மூடித் தானே தடவிப் பார்த்தபோது அவளுக்குப் பயம் வந்தது. இரண்டு மணலும் ஒரே பருமன். எது கறுப்பு, எது வெள்ளை என்று விரலுக்குத் தெரியவில்லை. சரி, வாயால் சொல்லிக் கொடுப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பங்குனியில் பத்திரிசியார் திருநாள். பற்றிக்கின் பெயர்த் திருநாள் அது, அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தட்டத்தை பஸ்ஸில் கொண்டுபோக ஏலாது. சனிக்கிழமை டவுணுக்குப் போகும் தொழிற்சாலை லொறியின் சாரதி பக்கீரிடம் கொடுத்தாள். பக்கீர் புல்மோட்டைக்காரர், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் நல்ல மனிதர், சொன்ன பொருளைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பவர். வழியில் ஆற்றைக் கடக்க லொறியைப் பாதை என்கிற மிதவையில் ஏற்ற வேண்டும், கவனம் நானா என்று அவள் பலமுறை சொன்னாள். அவரும் ஓம் ஓம் என்றார்.

பின்னேரம் அவர் தட்டத்தைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கியபோது முகம் நிறையச் சிரிப்பு.

"மிஸ், ஒரு மணி கூடக் கொட்டல்ல. பாதையில ஏறக்குள்ள எல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சி போச்சி. நான் உடுவனா? பலகையால வடிவா மட்டம் தட்டி வச்சிரிக்கன்."

மாகிரட் துணியை நீக்கினாள். பால்வீதி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று ஒரு தட்டம் மணல் கிடந்தது. புல்மோட்டையில் மணல் ஏற்றிய எந்த லொறியும் மட்டம் தட்டாமல் வாசல் படலையைத் தாண்ட முடியாது. பக்கீருக்கு அது கையோடு ஊறிப்போன பழக்கம், மேடு பள்ளமான மணலைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அவரை என்ன சொல்வது? "நல்லது நானா" என்றுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். குசினிக்குள் போய்த்தான் அழுதாள்.

நாளைய திருநாள் வடைக்கு உழுந்து ஊறப்போட வந்த பூரணி தட்டத்தையும் பார்த்தாள், மாகிரட்டையும் பார்த்தாள்.

"உதுக்கோ அழுறாய்? கல்லரிசி மாதிரிக் கிடக்கு. அரிச்செடுத்தால் போச்சு. எது பாரம், கறுப்போ வெள்ளையோ?"

"கறுப்பு."

"அப்ப கறுப்புக் கல்லு, வெள்ளை அரிசி. அரிக்கன் சட்டி எத்தினை வேணும்?"

மாகிரட் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே வரிவரியாக வரம்பு வைத்த மண்சட்டி அது. தண்ணீர் விட்டு ஆட்டினால் அரிசி அலையோடு அடுத்த சட்டிக்குப் போகும், கல் வரம்புக்குள் தங்கும். தொழிற்சாலையில் பெரிய மெசின்கள் செய்வதும் அதே வேலைதான். இத்தனை வருடம் அங்கே இருந்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுததை நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முதல் பூசை முடிந்து வந்தபோது கிணற்றடியில் அந்த வீதியில் குடியிருக்கும் பெண்கள் நாலைந்து பேர் சட்டியோடு குந்தியிருந்தார்கள். சேலையைச் சொருகிக்கொண்டு மாகிரட்டும் குந்தினாள். சளக் சளக் என்று ஒரே சத்தம். யாருடைய சட்டியில் வெள்ளை சுத்தமாக வருகிறது என்று போட்டி வேறு. விறாந்தைக் கதிரையில் இருந்த பற்றிக் காதைத் திருப்பினார்.

"என்ன பூரணி, ஊர் முழுக்க அரிசி அரிக்கிற சத்தம் கேக்குது?"

"உங்கட திருநாளுக்குத்தான் அண்ணை. ஊருக்கே சோறு."

"தவக்காலத்தில ஊருக்குச் சோறு போடுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார் அவர். வெகுநாளைக்குப் பிறகு வந்த பகிடி.

கறுப்பைத் தகரத்தில் பரப்பி வெயிலில் போட்டார்கள். பங்குனி வெயில், கறுத்த மணல், கேட்க வேண்டுமா? கொஞ்ச நேரத்தில் காய்ந்து கையில் சுடத் தொடங்கியது. வெள்ளை காய நேரம் போதவில்லை. ஈரத்தோடேயே மாகிரட் அதைத் தட்டத்தில் குவித்தாள். ஈரமாக இருந்ததால் மேடு நினைத்தபடி நின்றது, புல்மோட்டையில் செய்ததைவிட வடிவாகவே வந்தது. மேலே சூடான கறுப்பைப் போர்த்தினாள். எவ்வளவு அரித்தும் பிரியாத கொஞ்சச் சாம்பல் மணலைப் பூரணியின் கோழி கிளறிவிட்டுப் போனது.

தட்டத்தை மேசையில் வைத்து அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்த பக்கீர், ஒன்றையும் தொட்டுவிடக்கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது உங்கட எண்ணிக்கையப்பா. இந்த அந்தத்தில இருந்து தடவிப் பாருங்கோ."

பற்றிக் விரல்களை வைத்தார். கயிறு பிடித்துத் தடித்த விரல்கள். ஈரக் குளிர் மணலில் மெல்ல மெல்ல நகர்ந்தன.

"இது தை மாதத்துப் பக்கம். ஆக்கள் குறைவு," என்றார். விரல் நகர்ந்தது. "இனி ஏறுது. ஓம், இஞ்ச ஏறத்தான் வேணும்... இதில நாங்கள் ரண்டு நாள் எண்ணினது, முகில் வந்து குழப்பினது." முகம் மலர்ந்துகொண்டே வந்தது. திடீரென்று விரல் நின்றது.

"இதென்ன, சுடுது?"

"அதுதான் கறுப்பு."

அவர் விரலைப் பின்னுக்கு எடுத்தார். குளிர்ந்தது. முன்னுக்கு வைத்தார், சுட்டது. மறுபடியும் அப்படியே செய்தார். நடுவில் கிழிசலைக் கண்டுபிடித்தார், ஒரு விரல் அகலத்துக்குக் குளிர். அதன் ஓரத்தைச் சுற்றி வெகுநேரம் தடவினார். பிறகு மற்ற அந்தத்திலிருந்து தொடங்கி வந்தார். அந்தப் பக்கமும் ஏறிக்கொண்டே வந்து சூட்டில் முடிந்தது.

"வடையெண்டால் ஓட்டையடியில சரிய வேணும்," என்றார் கடைசியில், தனக்குள் பேசுவது போல. "இது சரியேல்லை. ரண்டு பக்கமும் ஏறிக்கொண்டு வருது. ஏறினது நான் எண்ணினது, அதில பிழை வராது." சூடான கறுப்புக்குள் சுட்டுவிரலை மெல்ல இறக்கினார். அது கறுப்பைத் தாண்டிக் குளிருக்குள் போனது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை," என்றார். "உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

"ஓமப்பா," என்றாள் மாகிரட். அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறை குசினிக்குப் போகவில்லை, எல்லாருக்கும் முன்னால் அழுதாள். பூரணியும் சேர்ந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி ஒரு வடையை எடுத்து அவருடைய மற்றக் கையில் வைத்தாள்.

"கட்சி மாறிட்டீங்கள், பரவாயில்லை. இதையாவது சாப்பிடுங்கோ."

பற்றிக் வடையைத் தடவி ஓட்டையின் அளவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தின்றார். அதுவே பூரணிக்குப் பெரிய வெற்றி.

"அப்ப நாங்கள் இருக்கிறது நடுவில இருந்து வலு தூரம், என்ன?" என்றார் மென்றுகொண்டே. "அதுக்கென்ன, கொழும்பிலயிருந்து தள்ளி இருந்து பழகின ஆக்கள்தானே." பிறகு திரும்பி, "பக்கீர் நிக்கிறாரோ? இஞ்ச வாரும். நான் எண்ணினதை ஒராள் திருப்பி எண்ண வேணும். மட்டம் தட்டிப்போடாதையும்," என்றார்.

பக்கீர் பயந்து பயந்து வந்து ஒரே ஒரு விரலை நீட்டினார். பற்றிக் அந்த விரலைப் பிடித்துக் கறுப்புக்குள் இறக்கினார்.

"என்ன தெரியுது?"

"மேல சுடுது," என்றார் பக்கீர். "உள்ளுக்க குளிரா இரிக்கி."

பற்றிக் நிமிர்ந்து மகள் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எழுது, மாகிரட்."